வால்வ் கவரைப் பூட்டிய பிறகும் ஆயில் ஒழுகுகிறதா?

வால்வ் கவர் கேஸ்கெட்டை மாற்றி, பில் போட்டு, சாவியைக் கொடுத்தனுப்பிய கார் அதே ஆயில் வாடையோடு சில நாளில் திரும்பி வருகிறது. பெரும்பாலான கைகள் முதலில் ராட்செட்டைத்தான் தேடும். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நின்றுவிடும் என்று நினைப்பு. நிற்காது. சின்ன ஒழுக்கைப் பெரிய செலவாக்குவதே அந்த இறுக்கல்தான்.

சிங்கப்பூரின் சின் மிங், உபி, காக்கி புக்கிட் பட்டறைகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சொல்கிறேன்: திரும்பி வந்த காருக்கு யாரும் இரண்டாம் முறை கூலி தருவதில்லை. அது நிற்கும் இடத்துக்கோ வாடகை ஓடுகிறது. கார் தனியார் வாடகை ஓட்டுநருடையது என்றால் அவருடைய அன்றைய வருமானமும் போய்விடும். அப்படி வந்த காரை எப்படிக் கையாளுகிறீர்கள் என்பதைத்தான் முதலாளி பார்ப்பார்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். எஞ்சின் நன்றாக ஆறியதும் பிரேக் கிளீனர் அடித்துத் துணியால் துடைத்து, காயவிட்டு, ஸ்டார்ட் செய்து சூடேறும்வரை ஓடவிடுங்கள். ஆயில் கீழ்நோக்கித்தான் வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே ஈரம் தெரிகிற மிக உயரமான இடமே தொடக்கம். சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம் கண்ணுக்கு எட்டாது. போன் கேமராவை உள்ளே நீட்டிப் படம் எடுங்கள். ஆயில் ஊற்றும்போது சிந்தியதும், கேம்ஷாஃப்ட் சென்சாரின் ஓ-ரிங் கசிவதும், டைமிங் கவர் கசிவதும் வால்வ் கவர் ஒழுக்கு போலவே தெரியும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மேல் சொட்டுகிறது என்றால் காரை அப்படியே ஓட்டிப்போக விடாதீர்கள். புகையோடு நிற்காமல் தீப்பிடிக்கவும் கூடும்.

ஒழுக்கு கவரிலிருந்துதான் என்று உறுதியானால், கழற்றுங்கள். பழைய கேஸ்கெட்டின் துணுக்கு பள்ளத்தில் ஒட்டியிருக்கிறதா, புதியது பள்ளத்தைவிட்டு நழுவி நசுங்கியிருக்கிறதா, ஏதாவது வயர் கவருக்கடியில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பார்க் பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் அங்குள்ள வட்ட சீல்கள் மாற்றப்படவில்லை, அல்லது சரியாக உட்காரவில்லை. அதை விட்டுவைத்தால் இக்னிஷன் காயில் கெட்டு எஞ்சின் துள்ளத் தொடங்கும். சில எஞ்சின்களில் போல்ட் தலைக்கடியில் ரப்பர் வாஷர் இருக்கும். கேஸ்கெட் புதிது, வாஷர் பழசு என்றால் போல்ட் வழியாகவே ஆயில் வரும்.

அதிகம் கோட்டைவிடுவது மூலைகளில். டைமிங் கவரும் சிலிண்டர் ஹெட்டும் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளியும் மேடுபள்ளமும் இருக்கும். ரப்பர் கேஸ்கெட்டால் மட்டும் அதை அடைக்க முடியாது. அதனால்தான் பல எஞ்சின்களுக்கு அந்தச் சந்திப்பில் மட்டும் ஒரு பொட்டு சிலிகான் வைக்கச் சொல்கிறது சர்வீஸ் புத்தகம். சில எஞ்சின்களில் பின்பக்க அரைவட்ட அடைப்புகளிலும் வைக்க வேண்டும். பழைய சிலிகானை முழுக்கச் சுரண்டி எடுத்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, பிறகு வையுங்கள். வைத்ததும் தோல் படிவதற்குள், சில நிமிடங்களிலேயே, கவரை உட்கார வையுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் ட்யூபில் போட்டிருக்கும் காய்கிற நேரம் முடியட்டும். வாடிக்கையாளர் வாசலில் நிற்கிறார் என்று அந்த நேரத்தைக் குறைத்தால் வேலை திரும்பி வரும். பாதுகாப்புக்காக என்று கேஸ்கெட் முழுக்க சிலிகான் பூசுவதும் தவறு. ரப்பர் வழுக்கி வெளியே வந்துவிடும்; உள்ளே பிதுங்கிய துண்டு எண்ணெய்த் தொட்டியில் விழுந்து ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும். ஒழுக்கை நிறுத்தப் போய் எஞ்சினையே இழந்த கதை அங்கேதான் தொடங்குகிறது.

இனி இறுக்கம். இந்த போல்ட்கள் சின்னவை. பல கார்களுக்கு 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய அளவே போதும். சரியான எண்ணை அந்தந்த எஞ்சினின் புத்தகத்தில் பாருங்கள். நடுவிலிருந்து தொடங்கி மாறி மாறி வெளியே போய், இரண்டு சுற்றில் இறுக்குங்கள். அளவு மீறினால் தகரக் கவர் வளையும், பிளாஸ்டிக் கவர் விரியும், அலுமினிய ஹெட்டின் மரை உருவிக்கொள்ளும். சக்கர நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய டார்க் ரெஞ்ச் இந்த வேலைக்கு உதவாது. கால் அங்குல டிரைவ் உள்ள, 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் புசார் பக்கம் கருவிக் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். முதல் சம்பளத்தில் வாங்க வேண்டிய கருவி இதுதான் என்பேன்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒழுகினால், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வைப் பாருங்கள். அது அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, நல்ல கேஸ்கெட்டையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். பழைய பிளாஸ்டிக் கவர் வெப்பத்தில் முறுக்கிக்கொண்டிருந்தாலும் எத்தனை கேஸ்கெட் போட்டும் பயனில்லை. நேர்விளிம்பு வைத்துப் பார்த்துவிட்டுக் கவரையே மாற்றச் சொல்லுங்கள். சிஓஇ என்னும் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து 10 ஆண்டைத் தாண்டி ஓடும் கார்களில் இதை எதிர்பார்க்கலாம். அந்தக் கார்கள் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டியவை என்பதையும் உரிமையாளருக்கு நினைவூட்டுங்கள்.

முதலாளியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கழற்றும் முன்பும் பூட்டிய பின்பும் படம் எடுத்து வையுங்கள். என்ன மாற்றினீர்கள், எத்தனை நியூட்டன் மீட்டரில் இறுக்கினீர்கள் என்று ஜாப் கார்டில் எழுதுங்கள். வாடிக்கையாளர் கேட்டால், "மூலையில் சிலிகான் பிடிக்கவில்லை, திரும்பச் செய்துவிட்டேன், ஒரு வாரம் கழித்துக் காட்டுங்கள்" என்று காரணத்தோடு பேசுங்கள். மழுப்பினால் அடுத்த முறை வேறு பட்டறைக்குப் போய்விடுவார்.

தமிழ்நாட்டில் ஐடிஐ முடித்து, சிங்கப்பூரில் மெக்கானிக் வேலை தேடுவோருக்கு ஒன்று. கார் பட்டறை சேவைத்துறையில் சேரும். அந்தத் துறையின் ஒர்க் பெர்மிட் இந்தியர்களுக்குக் குறிப்பிட்ட சில வேலைகளுக்கே உண்டு. மலேசியர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எஸ் பாஸ் என்றால் 2025 செப்டம்பர் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி, வயது கூடக் கூட அதுவும் கூடும். ஏஜென்ட் சொல்வதை மனிதவள அமைச்சின் இணையதளத்தில் சரிபார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

மின்சாரக் கார் வந்துவிட்டதே, இதையெல்லாம் ஏன் கற்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. 2030 முதல் சிங்கப்பூரில் புதிதாகப் பதிவாகும் கார்கள் தூய எரிசக்தி வகையாக இருக்க வேண்டும். ஆனால் ஹைபிரிட்டும் அந்தப் பட்டியலில் உண்டு, ஹைபிரிட்டுக்கும் வால்வ் கவர் உண்டு. 2029-இல் பதிவாகும் பெட்ரோல் கார் 10 ஆண்டு சிஓஇயோடு 2039 வரை ஓடலாம். இந்த வேலைக்கு இன்னும் பல ஆண்டு ஆள் வேண்டும்.