தெளிவாய் எழுது, உண்மையாய் எழுது

எழுப்புதல் வேதபாடம்
வேத வாசிப்பு: ஆபகூக் 2:1-3, யாத்திராகமம் 31:1-5, 2 கொரிந்தியர் 4:1-2



இந்த மாதப் பாடம் கொஞ்சம் வித்தியாசமானது. இன்டர்நெட்டில் கூட்ட விளம்பரம் செய்வதைப் பற்றியது. "வேதபாடம் கேட்டா பாஸ்டர் கம்ப்யூட்டர் பாடம் நடத்துறாரே" என்று சிலர் சிரிக்கலாம். பரவாயில்லை, வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசிவரை வாசியுங்கள். நான் செய்த ஒரு பிழையையும் இதிலே அறிக்கையிடுகிறேன்.

1. பலகையில் எழுதச் சொன்ன தேவன்

ஆபகூக் தீர்க்கதரிசிக்குத் தேவன் தரிசனத்தைக் கொடுத்தார். அதை மனதுக்குள்ளே பூட்டி வைக்கச் சொல்லவில்லை. பலகையிலே, வாசிக்கிறவன் தடுமாறாதபடி தெளிவாக எழுதச் சொன்னார். உபாகமம் 27:8ஐயும் பாருங்கள். அங்கேயும் கல்லின்மேல் நன்றாய்த் தெளிவுபட எழுதும்படிதான் கட்டளை. ஆகவே தேவ காரியத்தை ஊருக்குத் தெரியும்படி எழுதி வைப்பது மாம்சப் பெருமை அல்ல. அது வேதத்தில் உள்ள முறை.

நம்முடைய கடற்கரையிலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. 1706ம் வருஷம் ஜூலை மாதம் சீகன்பால்க் ஐயர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். வேதத்தைத் தமிழில் அச்சிட வேண்டும் என்பது அவருடைய பாரம். ஜெர்மனியில் ஹாலே பட்டணத்தில் தமிழ் எழுத்துக்களை ஈயத்தில் வார்த்து அனுப்பினார்கள். அவை பெரிய எழுத்துக்களாக இருந்தபடியால் காகிதம் அதிகம் பிடித்தது. அதனால் இங்கேயே சின்ன எழுத்துக்களை வார்த்தார்கள். 1715ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. ஒரு எழுத்துக்காகக் கப்பல் கடல் கடந்து வரவேண்டிய காலம் அது! இன்று நம் வாலிபன் கைபேசியில் விரலால் தொட்டால் நூறு விதமான தமிழ் எழுத்து வருகிறது, அதுவும் இலவசமாக. அதிகம் பெற்றவனிடத்தில் அதிகம் கேட்கப்படும் என்கிற லூக்கா 12:48ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

2. பிளெக்ஸ் போர்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு

கன்வென்ஷன் என்றால் நம் வழக்கம் என்ன? வில்லியனூர் பஸ் நிறுத்தத்தில் ஒரு பிளெக்ஸ், பாகூரில் ஒன்று, கிருமாம்பாக்கம் மெயின் ரோட்டில் ஒன்று, அப்புறம் மைக் கட்டின ஆட்டோ. கூட்டம் முடிந்ததும் அந்த பிளெக்ஸ் கிழிந்து வாய்க்காலில் கிடக்கும். அது மக்காது.

2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலையோரத்து பேனர் ஒன்று, ஸ்கூட்டரில் போன ஒரு இளம்பெண்மேல் விழுந்தது. அவள் கீழே விழ, பின்னால் வந்த லாரி ஏறி ஜீவன் போயிற்று. ஒரு குடும்பத்தின் கல்யாண பேனர் அது. அந்தச் செய்தியை வாசித்த நாளிலிருந்து எனக்கு ரோட்டில் போர்டு கட்ட மனம் வரவில்லை. நம் போர்டும் ஒரு கயிற்றில்தானே தொங்குகிறது?

அதனால் போன கன்வென்ஷனுக்கு, சபை வாலிபர் இரண்டு பேரும் நானுமாக உட்கார்ந்து இலவசக் கருவிகளைப் பரீட்சித்துப் பார்த்தோம்.

3. நாங்கள் பரீட்சித்த மூன்று கருவிகள்

முன்பெல்லாம் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போடவேண்டுமானால் எச்டிஎம்எல் என்கிற குறிமொழியைப் படித்து, ஒவ்வொரு வரியாக டைப் அடிக்க வேண்டும். இந்தக் கருவிகளில் அது வேண்டியதில்லை. எழுத்தையும் படத்தையும் மவுஸால் இழுத்து வேண்டிய இடத்தில் வைத்தால் போதும். கண்ணுக்குத் தெரிவதுதான் கடைசியில் வரும். குறிமொழியை உள்ளே கருவியே எழுதிக்கொள்ளும்.

முதலாவது, கூகுள் வெப் டிசைனர். 2013ல் கூகுள் கம்பெனி வெளியிட்டது. விளம்பரத்துக்கென்றே செய்யப்பட்டது. கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ளவேண்டும். நடுவிலே மேடை போல ஒரு வெள்ளை இடம், அடியிலே டைம்லைன் என்கிற காலக் கோடு. எந்த விநாடியில் எந்த எழுத்து வரவேண்டும், எப்போது மறையவேண்டும் என்று அந்தக் கோட்டில் வைக்கலாம். தொட்டால் நம் பக்கத்துக்குப் போகும்படி ஒரு இடத்தையும் குறிக்கலாம். விளம்பரங்களுக்கு அளவு உண்டு: 300க்கு 250, 728க்கு 90, கைபேசிக்கு 320க்கு 50 புள்ளி. அந்தக் கடைசி அளவு ஒரு பஸ் டிக்கெட் மாதிரி. அதில் தேதி, இடம், ஊர் இதற்குமேல் எழுதினால் ஒன்றும் தெரியாது. செய்து முடித்த பிறகுதான் தெரிந்தது, அசைகிற விளம்பரத்தை ஏற்றும் அனுமதி எல்லாக் கணக்குக்கும் உடனே கிடைப்பதில்லை என்று. விதியை முதலில் வாசிக்காதது எங்கள் தவறு. செலவைக் கணக்குப் பார்க்காமல் கோபுரம் கட்டத் தொடங்கினவனை லூக்கா 14:28ல் வாசிக்கிறோமே!

இரண்டாவது, கேன்வா. ஆஸ்திரேலியாவில் ஆரம்பமாகி 2013ல் வெளிவந்தது. இதில் மாதிரிகள் தயாராகவே இருக்கின்றன. நம் வார்த்தையை மாற்றினால் போதும். கிரீட அடையாளம் போட்ட படங்கள் காசுக்கு, மற்றவை இலவசம். அசையாத நோட்டீஸ் படத்துக்கு இது மிகவும் சுலபம். எங்கள் விளம்பரத்தைக் கடைசியில் இதில்தான் செய்தோம்.

மூன்றாவது, கூகுள் சைட்ஸ். ஒரு சின்ன வெப்சைட்டையே இலவசமாகக் கட்டலாம். கூட்ட நேரம், வரும் வழி, மேப், செய்தியாளர் பெயர் எல்லாம் ஒரே பக்கத்தில் வைத்தோம்.

ஒரு எச்சரிப்பு. இலவச வீடு நம் சொந்த வீடு அல்ல. 1990களில் ஜியோசிட்டீஸ் என்ற இடத்தில் ஜனங்கள் இலவசமாகப் பக்கம் பக்கமாகக் கட்டினார்கள். 2009 அக்டோபரில் யாஹூ கம்பெனி அதை மூடியது. நகல் எடுத்து வைக்காதவர்கள் உழைப்பு போயிற்று. ஆகவே எதைச் செய்தாலும் ஒரு நகலை உங்கள் கையில் வையுங்கள்.

4. பெந்தெகொஸ்தே நாளும் தமிழ் எழுத்தும்

நம் பத்திரிகைக்குப் பழைய எழுத்துருவில் டைப் அடித்த செய்தியை அப்படியே எடுத்து ஒட்டினோம். ஐயோ! தமிழ் போய், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குவிந்து நின்றது. காரணம் என்னவென்றால், பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தி வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை விலகிவிடும். யூனிகோடு என்கிற முறையில் தமிழ் எழுத்துக்களுக்கென்றே தனி எண்கள் உண்டு. 1991லேயே தமிழுக்கு அதில் இடம் கிடைத்தது. யூனிகோடில் அடித்தால் பாகூரிலும் படிக்கலாம், பாரீஸிலே இருக்கிற நம் புதுச்சேரி பிள்ளைகளும் படிக்கலாம். நோட்டோ, கட்டமரான், முக்தா மலர் போன்ற தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

அப்போஸ்தலர் 2ல் என்ன நடந்தது? வந்திருந்த ஒவ்வொருவனும் தன் தன் ஜென்ம பாஷையில் தேவனுடைய மகத்துவங்களைக் கேட்டான். கேட்கிறவனுக்குப் புரிவதுதான் பெந்தெகொஸ்தே! கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நிற்கிற விளம்பரத்தைப் பார்த்து, "இவங்களுக்குத் தமிழே ஒழுங்கா வரல, இவங்க என்ன சொல்லப்போறாங்க" என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள்.

பெசலெயேலைத் தேவ ஆவியினால் நிரப்பினது எதற்கு? பிரசங்கத்துக்கு அல்ல, கைவேலைக்கு. யாத்திராகமம் 31ம் அதிகாரத்தை வாசியுங்கள். மவுஸ் பிடிக்கிற வாலிபனுக்கும் அபிஷேகம் வேண்டும்.

5. வெற்றுப் பெட்டியில் நான் எழுதினது

இப்போது என் அறிக்கை.

நாங்கள் எடுத்த மாதிரியிலே ஒரு பெரிய ஜனக்கூட்டத்தின் படம் இருந்தது. எந்த தேசத்துக் கூட்டமோ! நம் கூட்டத்துக்கு அறுபது பேர் வந்தால் அதிகம். வாலிபன் கேட்டான்: "பாஸ்டர், இது நம்ம கூட்டம் இல்லையே?" நான் சொன்னேன்: "விசுவாசத்துல வைப்பா." அதை விசுவாசம் என்று சொன்னேன். அனனியா ஒரு பங்கை வைத்துவிட்டு முழுவதையும் கொடுத்ததுபோல் காட்டினதும் இதுவும் ஒன்றுதான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மேலே தலைப்புக்கு ஒரு வெற்றுப் பெட்டி. பெரிய எழுத்தில் நாலு வார்த்தை கேட்டது. காலியாக இருந்தால் பார்க்க நன்றாக இல்லை. நான் எழுதினேன்: "சர்க்கரை வியாதிக்கு முற்றுப்புள்ளி! அற்புத இரவு!"

அதை பேஸ்புக்கில் காசு கட்டிப் போட்டோம். வில்லியனூரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தோம். ஆயிரக்கணக்கான தடவை காட்டினதாகக் கணக்கு வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் காட்டினது வேறு, தொட்டது வேறு, வந்தது வேறு. மத்தேயு 13ல் விதை எங்கும் விழுந்தது, பலன் எங்கும் வரவில்லை. விளம்பரத்தைப் பார்த்து நிஜமாக வந்தவர்கள் மூன்று பேர்.

அதில் ஒருவர் பாகூர் பக்கத்து அம்மா. இரண்டாம் நாள் ஆராதனையில் வாந்தியெடுத்து மயங்கிச் சாய்ந்தார்கள். ஆவியின் கிரியை என்று சிலர் ஸ்தோத்திரம் போட்டார்கள். அவர்கள் மகன் ஓடிவந்து, "ஐயா, அம்மா நாலு நாளா இன்சுலின் போடல. உங்க நோட்டீஸ போன்ல பார்த்துட்டு, இனிமே ஊசி வேணாம்னு நிறுத்திட்டாங்க" என்றான். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கர்த்தருடைய கிருபையால் பிழைத்தார்கள். வராந்தாவில் அந்தத் தம்பி கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "ஐயா, அதை நீங்கதானே எழுதினீங்க?"

ஆமாம், நான்தான் எழுதினேன். மாதிரியில் வெற்றுப் பெட்டி இருந்தது, அதை நிரப்பினேன். அன்று இரவு நான் ஜெபிக்க முழங்காலில் நின்றும் வார்த்தை வரவில்லை.

6. நாம் சுகமளிக்கும் தேவனை மறுதலிக்கிறோமா?

இல்லவே இல்லை! இயேசு இன்றும் சுகமாக்குகிறார். யாக்கோபு 5:14ன்படி மூப்பர் எண்ணெய் பூசி ஜெபிப்பார்கள். அதில் மாற்றம் இல்லை. ஆனால் வேதத்தை முழுதாய்ப் பாருங்கள். எசேக்கியாவுக்கு ஆயுசைக் கூட்டிக் கொடுத்த தேவன், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடவும் விட்டார் (ஏசாயா 38:21). பவுலோடு இருந்த லூக்கா வைத்தியன் (கொலோசெயர் 4:14). தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் கைமருந்து சொன்னார் (1 தீமோத்தேயு 5:23). குஷ்டரோகிகள் பத்துப் பேரை இயேசு ஆசாரியனிடம் போய்க் காண்பிக்கச் சொன்னார் (லூக்கா 17:14); அன்றைக்குச் சுகத்தைச் சோதித்துச் சொல்லுகிற பொறுப்பு அவனுடையது. சுகம் தேவனுடைய ஈவு. இந்த வியாழக்கிழமை இத்தனை மணிக்கு என்று தேதி குறித்து விற்க அது நம் கடைச் சரக்கு அல்ல.

உலகச் சட்டமே இதில் கவனமாயிருக்கிறது. 1954லேயே மருந்துகளுக்கும் மந்திர நிவாரணங்களுக்குமான விளம்பரத் தடைச் சட்டம் நம் நாட்டில் வந்தது. சர்க்கரை வியாதி, புற்றுநோய், காக்காய் வலிப்பு போன்ற நோய்களின் பட்டியலைப் போட்டு, இவற்றைத் தீர்ப்பதாக மருந்துக்கோ தாயத்துக்கோ விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது. தாயத்து விற்கிறவனுக்கு உள்ள பயம் தேவ ஊழியனுக்கு இருக்கவேண்டாமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். மத நம்பிக்கையை வைத்து ஆட்களைப் பொறுக்கி விளம்பரம் காட்டுகிற வசதியை பேஸ்புக் 2022 ஜனவரியில் எடுத்துவிட்டது. கூகுளிலும் அதற்கு அனுமதி இல்லை. ஆகவே நம் விளம்பரம் சபையாருக்கு மட்டும் போகாது. தேர் இழுக்கிற அண்ணனுக்கும், சுல்தான்பேட்டை பாய்க்கும், லூர்து மாதா கோயிலுக்குப் போகிற அக்காவுக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தனியாகப் படுத்திருக்கிற ஒரு தாய்க்கும் போகும். அவர்கள் எல்லாரும் வாசிக்கிறார்கள் என்று நினைத்து எழுதவேண்டும்.

7. இனி நம் சபையின் தீர்மானம்

மூப்பர்களோடு உட்கார்ந்து இவைகளை ஏற்படுத்திக்கொண்டோம்.

அ. நம் கூட்டத்தின் படத்தையே போடுவோம். அறுபது பேர் என்றால் அறுபது பேர். படத்தில் இருக்கிறவர்களிடம் முன்னமே கேட்போம். பிள்ளைகள் என்றால் பெற்றோரிடம் கேட்போம்.

ஆ. எந்த நோயின் பெயரையும் தலைப்பில் எழுதமாட்டோம். "வியாதியஸ்தருக்காக ஜெபிக்கப்படும். மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தாதீர்கள்" என்ற வரி எல்லா நோட்டீஸிலும் இருக்கும்.

இ. இணையத்தில் தேடிக் கிடைத்த படமெல்லாம் இலவசம் அல்ல. அனுமதி உள்ளதை மட்டும் எடுப்போம்.

ஈ. வாலிபர் செய்த விளம்பரத்தை மூப்பர் இரண்டு பேர் வாசித்த பின்புதான் ஏற்றுவோம். நான் எழுதினதையும்தான்.

உ. செலவு செய்த காசுக்கு சபையில் கணக்கு வாசிப்போம்.

பெட்டி காலியாக இருந்தால் இருக்கட்டும், பிரியமானவர்களே. உண்மை இல்லாத வார்த்தையைவிட வெற்றிடம் நல்லது. அந்த அம்மாவை வாராவாரம் போய்ப் பார்த்து ஜெபிக்கிறோம். இன்சுலினைத் தவறாமல் போட்டுக்கொள்கிறார்கள். போனவாரம் என்னிடம், "பாஸ்டர், கர்த்தர் என்னைக் கைவிடல" என்றார்கள். அதைத்தான் நான் அந்தப் பெட்டியில் எழுதியிருக்க வேண்டும்.

தியானிக்கக் கேள்விகள்
1. ஆபகூக் 2:2ல் தெளிவாய் எழுதச் சொன்னது யாருக்காக?
2. அப்போஸ்தலர் 5:1-4ல் அனனியாவின் குற்றம் என்ன? சாட்சி சொல்லும்போது நாம் எங்கே கூட்டிச் சொல்லுகிறோம்?
3. சென்ற மாதம் உங்கள் போனிலிருந்து நீங்கள் அனுப்பின "அற்புத" செய்தி உண்மைதானா என்று விசாரித்தீர்களா?

மனப்பாட வசனம்: 2 கொரிந்தியர் 4:2

ஜெபம்: சத்தியமுள்ள தேவனே, எங்கள் கைகளுக்குக் கொடுத்த புதிய கருவிகளுக்காக ஸ்தோத்திரம். உம்முடைய நாமத்தைச் சொல்லி நாங்கள் பெருக்கிப் பேசின வார்த்தைகளை மன்னியும். எங்கள் எழுத்தை நம்பி ஒருவரும் இடறிப்போகாதபடி காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.