இரண்டு ஜும்ஆக்களுக்கு இடையில் ஒரு வாரம்



சித்திரை மழையை நம் கம்பம் பள்ளத்தாக்கில் யாரும் வேண்டாமென்று சொல்வதில்லை. பங்குனியிலேயே கிணறுகள் இறங்கிவிடுகின்றன. ராத்திரி மின்விசிறி அனல்காற்றைத்தான் சுற்றிவிடுகிறது. இப்படி இருக்கும்போது, சென்ற மாதம் ஒரு வாரம் முழுக்க அஸருக்குப் பிறகு மேற்கு மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. முதலில் புழுதிக்காற்று, பிறகு இடி, பிறகு ஒரு மணி நேரம் மழை. இஷா முடிந்து வெளியே வந்தால் வானத்தில் நட்சத்திரம். மறுநாள் காலை ஒன்றுமே நடக்காதது போல வெயில். அந்த வார ஜும்ஆவில் மழைக்கு நன்றி சொல்லி துஆச் செய்யப்பட்டது. நாமும் உரக்க ஆமீன் சொன்னோம்.

திங்கட்கிழமைதான் நமக்குத் தெரிந்தது: நம் மஹல்லாவிலேயே, பள்ளிவாசலுக்கு இரண்டு தெரு தள்ளி, கணவனை இழந்த ஒரு சகோதரியின் வீட்டுக் கூரையில் மூன்று சிமெண்ட் ஷீட் புதன்கிழமைக் காற்றிலேயே போய்விட்டது. இரண்டு பெண்பிள்ளைகளோடு எதிர்வீட்டுத் திண்ணையில் ஐந்து இரவு படுத்திருக்கிறார். அரிசியும் பாடப் புத்தகமும் நனைந்துவிட்டன. "ஏம்மா, அறக்கட்டளைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டோம். அவர் சொன்னது இது: "மழை பெஞ்ச சந்தோஷத்துல ஊரே இருக்குண்ணே. அந்த நேரத்துல எங்க கூரை போச்சுன்னு வந்து நிக்கிறது நல்லாவா இருக்கும்?"

நாம் ஆமீன் சொன்ன அதே வெள்ளிக்கிழமை அவர் திண்ணையில் இருந்திருக்கிறார். இந்த மாதப் பாடத்துக்கு வேறொரு தலைப்பை எழுதி வைத்திருந்தோம். அதை எடுத்து வைத்துவிட்டு இதை எழுதுகிறோம்.

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நீண்ட ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. நம்மில் பலரும் அதன் முதல் பாதியைத்தான் கேட்டிருப்போம். மதீனாவில் பஞ்சம். ஒரு வெள்ளிக்கிழமை நபி (ஸல்) அவர்கள் நின்று குத்பா ஓதிக்கொண்டிருக்கும்போது ஒரு மனிதர் உள்ளே வருகிறார். கால்நடைகள் அழிந்துவிட்டன, வழிகள் அடைபட்டுவிட்டன, மழைக்காக அல்லாஹ்விடம் கேளுங்கள் என்கிறார். நபி (ஸல்) அவர்கள் கைகளை உயர்த்திக் கேட்கிறார்கள். அப்போது வானத்தில் மேகத்தின் ஒரு துண்டுகூட இல்லை. தமக்கும் ஸல்ஃ குன்றுக்கும் நடுவே பார்வையை மறைக்க ஒரு வீடும் இல்லை என்று அனஸ் (ரலி) நினைவுகூர்கிறார்கள். அந்தக் குன்றுக்குப் பின்னாலிருந்து கேடயம் போல ஒரு மேகம் கிளம்பி, நடுவானத்துக்கு வந்து, விரிந்து, கொட்டியது. மிம்பரிலிருந்து இறங்கும் முன்பே நபியவர்களின் தாடியில் மழைநீர் வழிந்தது என்று ஓர் அறிவிப்பில் வருகிறது. அந்தப் பள்ளியின் கூரை பேரீச்சை ஓலை என்பதை நினைத்துப் பாருங்கள்.

பிறகு ஒரு வாரம் சூரியனையே பார்க்கவில்லை.

நாம் வழக்கமாக நிறுத்திவிடும் இடம் இதுதான். அடுத்த ஜும்ஆவில், அதே குத்பா நேரத்தில், அதே வாசல் வழியாக ஒரு மனிதர் வருகிறார். செல்வங்கள் அழிந்துவிட்டன, வழிகள் அடைபட்டுவிட்டன, மழையை நிறுத்தும்படி அல்லாஹ்விடம் கேளுங்கள் என்கிறார். போன வாரம் வறட்சிக்குச் சொன்ன முறையீட்டையும் இந்த வாரம் மழைக்குச் சொன்ன முறையீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய ஒன்றேதான். இரண்டு தடவை வந்ததும் ஒரே ஆளா என்று பின்னால் வந்த ஓர் அறிவிப்பாளர் அனஸ் (ரலி) அவர்களிடம் கேட்டிருக்கிறார். தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த நேர்மைக்காகவே அந்த வரியை நாம் திரும்பத் திரும்பப் படிப்பதுண்டு.

வந்தவரை நபி (ஸல்) அவர்கள் எப்படி நடத்தினார்கள்? 'கேட்டது நீங்கள்தானே, கிடைத்ததும் குறையா' என்று அவர்கள் சொல்லவில்லை. மழை அல்லாஹ்வின் ரஹ்மத்தாயிற்றே, நன்றி கெட்டதனமாகப் பேசலாமா என்று சபையில் இருந்த யாரும் அவரை உட்கார வைத்ததாகவும் இல்லை. நபியவர்கள் புன்னகைத்தார்கள் என்று ஓர் அறிவிப்பு சொல்கிறது. பிறகு கைகளை உயர்த்தினார்கள். அவர்கள் கேட்டது என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். எங்களைச் சுற்றிப் பெய்யட்டும், எங்கள்மேல் வேண்டாம். குன்றுகளிலும் ஓடைகளிலும் மரம் செடி முளைக்கும் இடங்களிலும் பெய்யட்டும் என்ற கருத்தில் கேட்டார்கள். மேகம் விலகியது, மக்கள் வெயிலில் நடந்து வீடு திரும்பினார்கள். அதே நேரம் கனாத் என்ற ஓடை ஒரு மாதம் ஓடியது. வெளியூரிலிருந்து வந்தவர்களெல்லாம் நல்ல மழை என்றே சொன்னார்கள்.

வீடு இடிந்தவருக்கும் குறை தீர்ந்தது, மேய்ச்சல்காரருக்கும் மழை போய்விடவில்லை. மழை பெய்யக் கண்டால் நபியவர்கள் வழக்கமாகக் கேட்கும் சிறிய துஆவும் இதே வகைதான்: பயன் தரும் மழையாக ஆக்கு என்பது. மழை பெய்துகொண்டிருக்கும்போதே அது பயன்படட்டும் என்று கேட்கிறோம் என்றால், பெய்கிற மழை எல்லாருக்கும் பயன்பட்டுவிடாது என்பதும் அதில் இருக்கிறது.

கோடை மழையில் இது இன்னும் கண்கூடு. பகலெல்லாம் தரை கொதித்து, கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சூடாகி மேலே ஏறி, பிற்பகலில் பத்துக் கிலோமீட்டருக்கும் மேலான உயரத்துக்குத் திரள் மேகம் கட்டுகிறது. இந்த மேகத்தின் அகலம் குறைவு. அதனால்தான் ஒரு ஊரில் கொட்டும்போது பக்கத்து ஊரில் தூறல்கூட இருப்பதில்லை. வானிலை ஆய்வு மையம் 'ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை' என்று அறிவித்தால், அந்தப் பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால்பங்கு அல்லது அதற்கும் குறைவான இடங்களில் மட்டும் மழை என்று பொருள். 'பொய் சொல்லிட்டான் பாய்' என்று டீக்கடையில் சிரிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. நம் பள்ளத்தாக்கில் அந்த ஒரே வார மழை தென்னைக்கு நல்லது. பழுத்து நிற்கும் பன்னீர் திராட்சைக்கு ஆகாது, பழம் வெடித்துவிடும். குலை தள்ளிய வாழையைக் காற்று ஒரு மணி நேரத்தில் சாய்த்துவிடும். பஞ்சம் என்பது மழை பெய்யாமல் போவது மட்டுமில்லை, மழை பெய்து பெய்தும் பூமி ஒன்றும் முளைப்பிக்காமல் போவதே என்ற கருத்துள்ள ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. குத்தகைக்கு வாழை போட்டவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது.

இன்னொன்று, அச்சம். மேகத்தையும் காற்றையும் கண்டால் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறும், உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருப்பார்கள், மழை பெய்த பிறகே அந்தக் கவலை நீங்கும் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். காரணம் கேட்டபோது, ஆது கூட்டத்தார் தங்களை நோக்கி வந்த மேகத்தைப் பார்த்து மழை என்று மகிழ்ந்ததை நினைவூட்டினார்கள். குர்ஆனின் 13ஆவது அத்தியாயத்துக்கே 'இடி' என்றுதான் பெயர் (அர்ரஃது). அதில் மின்னலை அச்சமும் ஆசையும் சேர்ந்த ஒன்றாகவே அல்லாஹ் சொல்கிறான். நம்மிடம் இப்போது ஆசை மட்டும் மிஞ்சி, அச்சம் போய்விட்டதோ என்று தோன்றுகிறது. இடி முழங்கும்போது மொட்டை மாடியில் நின்று பிள்ளைகள் செல்போனில் படம் எடுக்கிறார்கள். முதல் மழைத்துளி உடலில் படும்படி நபியவர்கள் ஆடையைச் சற்று விலக்கியது உண்மை. அது மழைக்கு. இடிக்கும் மின்னலுக்கும் அதை ஆதாரமாகக் காட்ட வேண்டாம்.

மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். சத்தம் மூன்று விநாடியில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வரும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது நம் தலைக்கு மேலாகவும் இருக்கலாம். காயப்போட்ட துணி நனைந்தால் நனையட்டும். உள்ளே வாருங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே போங்கள். மரத்தடி ஒதுங்கும் இடமே இல்லை. ஆடு மேய்ப்பவர்களும் தோட்ட வேலைக்காரர்களும் மாட்டிக்கொள்வது அங்கேதான். வீட்டுக்குள்ளும் குழாயடி, குளியல், மின்சாரத்தில் செருகிய கருவிகள் வேண்டாம். பெரியவர்கள் சிலர் இடிக்குப் பயந்து கடப்பாரையை முற்றத்தில் கொண்டுபோய்ப் போடுவார்கள். மார்க்கத்திலும் அதற்கு இடமில்லை. இரும்பைத் தூக்கிக்கொண்டு திறந்தவெளிக்குப் போவது ஆபத்தை நாமே தேடிப் போவதுமாகும். அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் இடி கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு அல்லாஹ்வைத் துதிப்பார்கள். அதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுப்போம். மத்திய அரசின் 'தாமினி' என்ற செல்போன் செயலி நம் இருப்பிடத்தைச் சுற்றி மின்னல் விழுவதைக் காட்டும், அதையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

யாரையாவது மின்னல் தாக்கிவிட்டால் தொடப் பயப்பட வேண்டாம். அடிபட்டவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. மூச்சு இல்லையென்றால் 108க்குச் சொல்லிவிட்டு உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். அந்தச் சில நிமிடத்தில் உயிர் திரும்பலாம்.

அப்படியானால் இடி மழையில் ஜமாஅத்துக்கு எப்படி வருவது என்று வயதான ஒருவர் கேட்டார். மழை நாளில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், தொழுகைக்கு வாருங்கள் என்று அழைக்கும் இடத்தில் வீடுகளிலேயே தொழுங்கள் என்று அறிவிக்கும்படி முஅத்தினுக்குச் சொன்னார்கள். மக்கள் வியந்தபோது, என்னைவிடச் சிறந்தவர் இதைச் செய்தார், சேற்றில் உங்களை நடக்கவைக்க நான் விரும்பவில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். அன்று ஜும்ஆ நாள். சேற்றுக்கே அந்தச் சலுகை. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் சம்பந்தம் செய்தவர்கள், அங்கே மழைக்காக மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுததைப் பார்த்துவிட்டு வந்து இங்கும் கேட்கிறார்கள். அது ஷாஃபிஈ மத்ஹபில் உள்ளது, அதற்கும் நிபந்தனைகள் உண்டு. நம் பள்ளி ஹனஃபி. மழைக்காக அப்படிச் சேர்ப்பதில்லை. இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பள்ளி வாசலில் வாக்குவாதம் வேண்டாம்.

திரும்பவும் அந்த இரண்டாவது வெள்ளிக்கிழமைக்கு வருவோம். ஊர் மகிழ்ந்திருக்கும் நேரத்தில் எழுந்து நின்று, எனக்கு நஷ்டம் என்று சொல்ல ஒருவருக்கு அந்தச் சபையில் இடம் இருந்தது. நம் சபையில் அந்தச் சகோதரிக்கு அந்த இடம் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. ஜும்ஆவில் இருக்கிறவர்கள் ஆண்கள். அறக்கட்டளை அலுவலகத்தில் இருக்கிறவர்களும் ஆண்கள். யாரிடம் போய் நிற்பார்? இதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை. பத்து வருடமாக நாம் அலுவலகக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, தேவையுள்ளவர்கள் வருவார்கள் என்று உட்கார்ந்திருந்தோம்.

ஆகவே செயற்குழுவில் பேசி முடிவு செய்திருக்கிறோம். காற்று மழை அடித்த மறுநாள் காலை ஃபஜ்ருக்குப் பிறகு தெருவுக்கு இருவர் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார்கள். பெண்கள் மட்டும் உள்ள வீடுகளுக்கு மதரஸா உஸ்தாதாக்கள் இருவர் போக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆறு தார்ப்பாய்கள் வாங்கி வைத்திருக்கிறோம். வீடோ பயிரோ சேதமானால் உடனே செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் மனுக் கொடுக்க வேண்டும். சரிசெய்த பிறகு போய்ச் சொன்னால் அவர் எதைப் பார்த்து எழுதுவார்? மனு எழுத உதவி வேண்டுவோர் மஃரிபுக்குப் பின் அலுவலகம் வரலாம். வர முடியாதவர்கள் பெயரை மோதினார் வீட்டில் சொல்லி வைத்தால் போதும், அங்கே ஒரு நோட்டு வைத்திருக்கிறோம்.

அந்த வீட்டுக்கு பைத்துல்மாலிலிருந்து புது ஷீட் போட்டாயிற்று, அல்ஹம்துலில்லாஹ். பழைய ஷீட்டுகளில் பாதிக்கு ஜே-போல்ட்டே இல்லை, வெறும் கம்பியால் கட்டியிருந்தது என்று வேலை செய்த கொத்தனார் சொன்னார். உங்கள் வீட்டுக் கூரையையும் அண்டை வீட்டுக் கூரையையும் வைகாசிக் காற்றுக்கு முன் ஒருமுறை ஏறிப் பார்த்துவிடுங்கள். ஏற ஆள் இல்லாத வீடென்றால் நம் பையன்களை அனுப்புகிறோம்.