மண்டபத்துப் பூவை நோயாளியிடம் சேர்க்க

திருத்தணியில் பூவுக்குப் பஞ்சமில்லை. ஆடிக் கிருத்திகையின் புஷ்பக் காவடிகளை விடுங்கள். முகூர்த்த நாளில் மண்டப மேடையில் கட்டும் சாமந்தியும் ரோஜாவும் பந்தி முடிந்ததும் குப்பைக்குத்தான் போகின்றன. அமெரிக்காவின் நாக்ஸ்வில் நகரில் லார்சன் ஜே, இப்படி மிஞ்சும் பூவை மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோக 2008இல் ஓர் அமைப்பே தொடங்கினார். இங்கேயும் செய்யலாம். ஆனால் பூவோடு நேராகக் கிளம்பிவிடாதீர்கள்.

நம் பக்கத்தில் கடைசிக் கட்ட நோயாளிகள் பெரும்பாலும் வீட்டில்தான் படுத்திருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி நிவாரண ஆதரவு சிகிச்சை செவிலியர் வீடு தேடிப் போகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து அவரைப் பாருங்கள். அவரும் வீட்டாரும் சம்மதித்தால் மட்டுமே வாசல் ஏறலாம்.

பூவிலும் கவனம் வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்தவருக்குப் பூவும் ஜாடித் தண்ணீரும் தொற்றைக் கொண்டுவரலாம். அவர் அறைக்குள் பூவே கூடாது. கீமோ எடுப்பவருக்கு மல்லி வாசனை குமட்டலாம்; வாசமில்லாத சாமந்தி என்று நினைத்தாலும் கேட்டுவிட்டே கொடுங்கள். மாலையை அப்படியே நீட்டவே நீட்டாதீர்கள், படுத்திருப்பவர் மனதில் அது வேறு எதையோ நினைவூட்டும். நார், கம்பி, குண்டூசி நீக்கி, வாடியதைக் கழித்து, உதிரியாகச் சின்னத் தட்டில் வையுங்கள். முடி கொட்டிய பெண்ணிடம் “வெச்சுக்கோங்கம்மா” என்று சொல்லிவிடக் கூடாது, உள்ளங்கையில் கொடுங்கள். விதவை என்று யாரையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

எல்லையோர ஊர் இது. பூ கொண்டுபோகும் குழுவில் தெலுங்கு தெரிந்தவர் ஒருவராவது இருக்கட்டும். வலியைத் தாய்மொழியில் சொல்வதே எளிது. “வலி கூடியிருக்கு” என்று காதில் விழுந்தால் அன்றே செவிலியருக்குச் சொல்லுங்கள். மருந்து, மாத்திரை யோசனை உங்கள் வேலையல்ல.

நர்சிங், பிசியோதெரபி, எம்.எஸ்.டபிள்யூ. படிக்க நினைப்பவருக்கு இது நல்ல பயிற்சி. தேதி, நேரம், செய்த வேலை மூன்றையும் நோட்டில் எழுதிக் குழுப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். கல்லூரி நேர்காணலில் இந்த அனுபவத்தைச் சொல்லும்போது நோயாளியின் பெயர், தெரு எதுவும் வாயில் வரக் கூடாது. படம் எடுக்கவே எடுக்காதீர்கள். மருத்துவராகவோ செவிலியராகவோ ஆனால், 1994இல் தொடங்கிய இந்திய வலி நிவாரண ஆதரவு சிகிச்சைச் சங்கத்தின் சான்றிதழ்ப் பயிற்சியைப் பின்னர் பார்க்கலாம்.

வாரத்தில் ஒரு நாள் போதும், ஆனால் அதே நாளாக இருக்கட்டும். வர முடியாத வாரத்தில் முதல் நாளே போன் செய்துவிடுங்கள். அங்கே ஒருவர் காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.