தொடக்கப் பட்டியலும் அதன் கிளைகளும்

1993ஆம் ஆண்டில் வெளிவந்த எம்.எஸ்.-டொஸ் 6.0 பணிசெயல் முறைமையில், கணினியின் நினைவகம் எத்துணைப் பெரிதாயினும், செய்நிரல்கள் இயங்குதற்குரிய அடிப்படை நினைவகம் 640 கிலோபைற்றே. வலையமைப்பு, இறுவட்டு முதலியவற்றின் இயக்கிகள் யாவும் அதனுட் புகுந்தால், பெரிய செய்நிரலுக்கு இடம் எஞ்சாது. ஆதலின், எவற்றை ஏற்றுவது என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளல் வேண்டும்.

இதற்கென 'கொன்பிக்.சிஸ்' கோப்பின் தலையிற் சதுர அடைப்புக்குள் 'மெனு' என எழுதி, அதன்கீழ்த் தெரிவுகளை அமைப்போம். 'மெனுஐட்டம்' ஒரு தெரிவைத் தரும். 'சப்மெனு' கிளைப்பட்டியலைத் திறக்கும். ஒரு பட்டியலில் ஒன்பது தெரிவுகளே அடங்குமாதலின் கிளைகள் பெரிதும் உதவும். முதற்பட்டியலில் 'வேலை', 'விளையாட்டு' என இரண்டு வைப்போமாயின், 'வேலை'யின்கீழ் வலையமைப்புடன் ஒன்றும் அஃதின்றி ஒன்றும் வைக்கலாம். யாவற்றுக்கும் பொதுவான கட்டளைகள் 'கொமன்' பகுதியிற் சேரும்.

தெரிந்த பகுதியின் பெயர் 'கொன்பிக்' என்னும் மாறியில் நிற்கும். 'ஓட்டோஎக்செக்.பற்' கோப்பு, 'கோட்டு' கட்டளையால் அப்பெயருடைய இடத்துக்குத் தாவும். அப்பெயர் அங்கு இல்லையெனின் கோப்பு இடைவழியில் நின்றுவிடும்; இயந்திரமும் அரைகுறையாகவே ஆயத்தமாகும்.

ஆதலின், பழைய செய்நிரல்களை இன்று இயக்க விழையும் மாணவர், பட்டியலை முதலில் ஒரு தாளில் வரைந்து, இரு கோப்புகளின் பெயர்களையும் ஒப்புநோக்கிய பின்னரே விசைப்பலகையைத் தொடுவாராக.