காலி பாட்டிலும் கல்யாண மேசையும்



நிக்காஹ் வீட்டில் பந்தல் பிரித்த மறுநாள் காலை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரு மூலையில் தெர்மாகோல் துண்டுகள், ஜிகினாத் தாள், ஒரே இரவு மேசையில் இருந்துவிட்டுக் குப்பைக்குப் போகும் பிளாஸ்டிக் பூங்கொத்துகள். எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை. சில வீடுகளில் கடன் வாங்கி வாங்கியவை. அதே வீட்டின் அடுக்களைப் பரணில் காபித்தூள் பாட்டில், தேன் பாட்டில், ஊறுகாய் ஜாடி, வளைகுடாவிலிருந்து வந்த ஜாம் பாட்டில் என்று பத்துப் பதினைந்து கண்ணாடிப் பாத்திரங்கள் தூசி படிந்து கிடக்கும்.

இந்த இதழின் வீட்டுப் பாடம் அந்த பாட்டில்களைப் பற்றியது. அவற்றுக்கு வண்ணம் தீட்டி வலீமா, அகீகா, பெருநாள் விருந்து மேசைகளில் எப்படி வைப்பது என்று பார்ப்போம். ஒரு விருந்துக்கு மட்டும் தாங்கும் அலங்காரம் நமக்கு வேண்டாம். அடுத்த வீட்டு விருந்துக்கும் அப்படியே போகும்படி செய்வதுதான் பாடம்.

முதலில் எங்கள் தவறு

போன வருஷம் எங்கள் மகளிர் பிரிவினர் ஒரு வலீமாவுக்காக முப்பது ஜாடிகளுக்கு வண்ணம் தீட்டினோம். அவசரம். பாட்டிலைக் கழுவிய ஈரக் கையோடு, விளிம்பு வரைக்கும் பூவும் கொடியும் வரைந்துவிட்டோம். மறுநாள் அதிலேயே சர்பத் ஊற்றி ஐஸ் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். பாட்டில் வெளியே வியர்த்தது. அரை மணி நேரத்தில் பூவெல்லாம் தோல் தோலாக உரிந்து பிள்ளைகள் விரலில் ஒட்டிக்கொண்டது. ஒரு சிறுமியின் உதட்டில் பச்சைத் துணுக்கு ஒன்றைப் பார்த்ததும் எங்களுக்குப் பகீரென்றது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த முப்பது ஜாடிகளையும் சுரண்டிக் கழுவ இரண்டு நாள் ஆயிற்று. கீழே சொல்லியிருப்பதில் பாதி அந்த இரண்டு நாளில் கற்றதுதான்.

கண்ணாடியை ஏன் எறியக் கூடாது?

மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை ஏறத்தாழ 1500 டிகிரி வெப்பத்தில் உருக்கினால் கிடைப்பது கண்ணாடி. அது மக்காது. உடைந்ததை மீண்டும் உருக்கி எத்தனை முறை வேண்டுமானாலும் புதுக் கண்ணாடி செய்யலாம் என்பது உண்மை. ஆனால் அதற்கும் உலையும் எரிபொருளும் வேண்டும். முழுதாக இருக்கும் பாட்டிலை முழுதாகவே பயன்படுத்தினால் உலையே வேண்டாம்.

நம் கடற்கரை ஊர்களில் இன்னொரு காரணமும் உண்டு. மணப்பாட்டுக் கடற்கரையிலும் ஆற்றுமுகத்து மணல்திட்டிலும் நம் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிறார்கள். வலை இழுப்பவர்களும் வெறுங்காலோடுதான் நிற்கிறார்கள். மணலுக்குள் புதைந்த பாட்டில் துண்டு கண்ணுக்குத் தெரியாது, காலில் ஏறிய பிறகுதான் தெரியும். நீலகிரியில் காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கிறது என்பதால், சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலில் 2022ஆம் ஆண்டு மதுக்கடை காலி பாட்டில்களைத் திரும்பப் பெறும் திட்டம் வந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுத்தார்கள். நம் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. கலர் குடித்தால் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும் பழக்கம் அவர்களுக்கு இருந்தது.

எந்த பாட்டிலை எடுப்பது?

உணவுப் பொருள் வந்த பாட்டில்களை மட்டும் எடுங்கள். பூச்சிமருந்து, ஆசிட், டர்பன்டைன், மருந்து வந்தவை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். விளிம்பில் சிறு உடைவோ, உடம்பில் மயிரிழை விரிசலோ உள்ளதையும் ஒதுக்குங்கள்.

மதுப் புட்டிகளை நாங்கள் எடுப்பதில்லை. மார்க்கச் சட்டம் அறிய விரும்புவோர் தங்கள் ஜமாஅத்தின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். எங்கள் காரணம் எளியது. அந்த வடிவத்தை விருந்து மேசையில் பார்க்கும் பிள்ளை என்ன கேட்கும் என்று யோசித்தோம், விட்டுவிட்டோம்.

பாட்டிலைப் பாதியாக அறுத்து டம்ளர் செய்யும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. நூலில் ஸ்பிரிட் நனைத்துக் கொளுத்துவார்கள். அதைச் செய்ய வேண்டாம். தீயும் கூர்விளிம்பும் வீட்டுக்குள் விளையாட்டல்ல.

எந்த வண்ணம்?

இங்கேதான் கவனம் வேண்டும். நம் பகுதியில் பல வீடுகளில் படகுக்கு அடித்த பெயின்ட் மிச்சம் இருக்கும். பளபளப்பாக இருக்கும், கண்ணாடியில் நன்றாகப் பிடிக்கும், காசும் மிச்சம். ஆனால் அதை ஒருபோதும் தொடாதீர்கள். வீட்டுப் பெயின்ட்களில் ஈயம் 90 பிபிஎம் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கு. அந்த விதி வீட்டு, அலங்காரப் பெயின்ட்களுக்கு மட்டும்தான். படகுக்கும் இரும்புக்கும் அடிக்கும் தொழிற்சாலைப் பெயின்ட்கள் அதில் அடங்கா. படகின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் அடிக்கும் பெயின்ட்டில் செம்பு போன்ற நச்சுப் பொருள்களை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். 2017க்கு முன் வாங்கிய பழைய வீட்டுப் பெயின்ட் டப்பாவும் வேண்டாம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவுவரை உடம்பில் சேர்ந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே அதற்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வாங்க வேண்டியது, கண்ணாடிக்கென்றே விற்கும் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் எனாமல். பள்ளிக்கூடத்து அக்ரிலிக் கலர் கண்ணாடியில் நிற்காது, நகம் பட்டாலே உரியும். கோடு போட்டு உள்ளே நிரப்பும் ‘கிளாஸ் கலர்’ ஒளி ஊடுருவும், விளக்கு வைக்க அழகாக இருக்கும். ஆனால் அதில் சில வகை நெடியும் தீப்பிடிக்கும் தன்மையும் உடையவை. சன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்குத் தள்ளி உட்கார்ந்து செய்யுங்கள்.

செய்முறை

1. பாட்டிலை வெந்நீரில் சோப்புப் போட்டு ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். லேபிள் தானாகக் கழன்றுவிடும். மிச்சப் பசையில் தேங்காய் எண்ணெயும் சமையல் சோடாவும் குழைத்துத் தடவி, கால் மணி நேரம் கழித்துத் தேய்த்தால் போய்விடும்.

2. மறுபடியும் சோப்புப் போட்டு எண்ணெயை முழுதாக நீக்குங்கள். நன்றாகக் காயவிடுங்கள். பிறகு பஞ்சில் சிறிது வினிகர் அல்லது ஸ்பிரிட் நனைத்து வெளிப்புறத்தைத் துடையுங்கள். இதற்குப் பின் வரையும் இடத்தில் விரல் படக் கூடாது. கைரேகையில் உள்ள எண்ணெய் போதும், வண்ணம் உரிய.

3. விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை அளந்து, அங்கே ஒரு காகித டேப்பைச் சுற்றி ஒட்டுங்கள். அதற்கு மேலே ஒரு புள்ளிகூட வேண்டாம். குடிக்கும் பாத்திரங்களைச் சோதிக்கிறவர்கள் விளிம்பிலிருந்து 20 மில்லிமீட்டரை உதடு படும் இடமென்று தனியாகக் கணக்கிடுவார்கள். இரண்டு விரற்கடை அதைவிடச் சற்று அதிகம்.

4. வெளிப்புறம் மட்டும் தீட்டுங்கள், உள்ளே வேண்டாம். மெல்லிய பூச்சாக ஒருமுறை, அது காய்ந்த பின் இன்னொருமுறை. ஒரே தடவையில் தடிமனாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும்.

5. டேப்பைக் கழற்றிவிட்டு ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். வீட்டில் கேக் சுடும் ஓவன் இருந்தால், மூடி இல்லாமல் பாட்டிலைக் குளிர்ந்த ஓவனுக்குள் வைத்து, அதன் பிறகு சூடேற்றுங்கள். பெரும்பாலான எனாமல்களுக்கு 175 டிகிரியில் அரை மணி நேரம். உங்கள் வண்ணக் குப்பியில் வேறு அளவு எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். அணைத்த பிறகு உள்ளேயே ஆறவிடுங்கள். சூடான பாட்டிலைச் சட்டென்று வெளியே எடுத்தால் தெறித்து உடையும். ஓவன் இல்லாதவர்கள் மூன்று வாரம் நிழலில் வைத்துவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். பெருநாளுக்கு வேண்டுமென்றால் ரமலான் தொடங்குமுன்பே தீட்டிவிட வேண்டும்.

சூடேற்றுவது ஏன்?

பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளில் மம்லூக் சுல்தான்களின் எகிப்திலும் ஷாமிலும் பள்ளிவாசல்களுக்காகக் கண்ணாடி விளக்குகள் செய்தார்கள். வண்ணக் கண்ணாடியையே பொடித்துக் குழைத்து, விளக்கின் மேல் எழுத்தும் கொடியும் வரைந்து, மறுபடியும் உலையில் வைப்பார்கள். பொடி உருகி விளக்கோடு ஒன்றாகிவிடும். சூரத்துந் நூரின் 35ஆம் வசனத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் விளக்கு உவமையாக வருவது நாம் அறிந்ததே. அந்த வசனத்தைத்தான் பல விளக்குகளில் எழுதினார்கள். கெய்ரோவில் சுல்தான் ஹசன் பள்ளிவாசலுக்காகச் செய்த விளக்குகளை இன்றும் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் வண்ணம் போகவில்லை.

நம் வீட்டு ஓவனின் சூடு அந்த உலைக்கு அருகில்கூட வராது. நாம் பூசுவது கண்ணாடியோடு உருகி ஒன்றாகாது, இறுகி ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். ஆகவே நம் பாட்டில் கவனத்தோடு கழுவினால் பல விருந்து தாங்கும், கம்பி நாரால் தேய்த்தால் ஒரு விருந்தும் தாங்காது. மென்மையான பஞ்சும் சாதாரணத் தண்ணீரும் போதும். தண்ணீரில் ஊறவும் போடாதீர்கள்.

என்ன வரையலாம்?

குர்ஆன் வசனத்தையோ அல்லாஹ்வின் திருநாமத்தையோ இந்த பாட்டில்களில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். பள்ளிவாசலில் உயரத்தில் தொங்கிய விளக்கு வேறு. நம் பாட்டில் எச்சில் கைகளில் புழங்கும், கழுவும் தொட்டியில் கிடக்கும், ஒருநாள் உடைந்து குப்பைக்கும் போகும்.

நம்மைச் சுற்றியே நிறைய மாதிரிகள் இருக்கின்றன. மீன்வலையின் கண்கள், அலை, சிப்பி, பனையோலை விசிறி. பத்தமடையில் நம் லெப்பைக் குடும்பங்கள் நெய்யும் கோரைப்பாயின் கரையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் கறுப்புமாக நேர்கோட்டில் வரும் அந்தப் பட்டைகளை பாட்டிலைச் சுற்றி வரைவது மிக எளிது, முதன்முறை தூரிகை பிடிப்பவருக்கும் கைவரும். மணப்பாட்டுப் பெண்கள் பனையோலை முடைவதில் பேர்பெற்றவர்கள். வண்ணம் வேண்டாத கழுத்துப் பகுதிக்கு அவர்களிடம் ஓலைப் பட்டை வாங்கிச் சுற்றினால் அழகும் ஆயிற்று, பக்கத்து வீட்டுக்கு வருமானமும் ஆயிற்று.

மேசையில் வைக்கும்போது

வண்ணம் தீட்டிய ஜாடியில் பூ, கரண்டி, பேரீச்சம்பழம், பாதாம், மிட்டாய் வைக்கலாம். ஐஸ் போட்ட சர்பத்தை வண்ணம் தீட்டாத டம்ளர்களில் கொடுங்கள். சூடான கஞ்சியையோ தேநீரையோ ஜாம் பாட்டிலில் ஊற்றாதீர்கள், அந்தக் கண்ணாடி திடீர்ச் சூட்டைத் தாங்காது.

உள்ளே மெழுகுவர்த்திக்குப் பதில் சிறு எல்இடி சரம் போடலாம். பொத்தான் பேட்டரி உள்ள சரமாக இருந்தால், பேட்டரிப் பெட்டி திருகாணி வைத்து மூடியதா என்று பாருங்கள். குழந்தை அதை விழுங்கிவிட்டால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

இரவல் பெட்டி

பாடத்தின் முக்கியமான பகுதி இதுதான். பத்து பாட்டில் ஒரு வீட்டில் இருந்தால் பரணில் கிடக்கும். நாற்பது வீடுகள் ஆளுக்கு இரண்டு கொடுத்தால் எண்பது. ஒரு வலீமாவின் எல்லா மேசைகளுக்கும் அது காணும்.

ஆகவே அறக்கட்டளை அலுவலகத்தில் ஒரு மரப்பெட்டியும் ஒரு நோட்டும் வைக்க இருக்கிறோம். விருந்து உள்ள வீட்டார் வந்து எண்ணி எடுத்துச் செல்லலாம். வாடகை இல்லை. கழுவித் துடைத்து, எண்ணிக்கை குறையாமல் திருப்பித் தர வேண்டும். ஒன்று உடைந்தால் பணம் கேட்க மாட்டோம், வேறொரு பாட்டிலுக்கு நீங்களே வண்ணம் தீட்டித் தந்தால் போதும். உடைந்த துண்டுகளைத் தடிமனான அட்டையில் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று எழுதித் துப்புரவுப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். அவர் கையும் கிழியக் கூடாத கைதான்.

இதை நாங்கள் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. வசதியுள்ள வீட்டு நிக்காஹில் ஓர் அலங்காரம் வந்தால், அடுத்த மாதம் வசதி இல்லாத வீட்டின் உம்மாவுக்கும் அதே பாரம் வந்துவிடுகிறது. ‘அங்கே இருந்ததே, இங்கே இல்லையே’ என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து நகையை அடகு வைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எல்லா வீட்டு மேசையிலும் இதே பாட்டில்கள்தான் வரும் என்றால் அந்த ஒரு பாரமாவது குறையும். வசதி உள்ளவர்கள் முதலில் எடுத்துப் பயன்படுத்துங்கள். அப்போதுதான் மற்றவர்கள் கூச்சப்படாமல் கேட்டு வருவார்கள்.

இந்த வாரம் பரணை இறக்கிப் பாருங்கள். விரிசல் இல்லாத இரண்டு பாட்டில்களைக் கழுவிக் காயவைத்துக் கொண்டு வாருங்கள். அல்லாஹ் நம் வீடுகளின் விருந்துகளில் பரக்கத்தையும் நம் செலவுகளில் நிதானத்தையும் தருவானாக. ஆமீன்.