பணத்தாளின் வடிவமும் பாமரர் உயிரும்

முன்னுரை

'நாணயம்' என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. கையிலுள்ள காசையும் அது குறிக்கும். நெஞ்சிலுள்ள நேர்மையையும் அது குறிக்கும். காசின் தரத்தை நோட்டமிட்டு அறிவோரைச் சங்க காலத்தில் 'வண்ணக்கர்' என்றனர். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்னும் புலவரின் பெயர் இத்தொழிலை இன்றும் நமக்கு நினைவூட்டுகிறது.

பொற்காசின் உண்மை அப்பொன்னிலேயே உள்ளது. உரைத்தும் நிறுத்தும் அதனை அறிந்து கொள்ளலாம். தாளில் அச்சிட்ட பணத்திற்கோ அத்தகைய உள்மதிப்பு இல்லை. வெளியிட்டவரின் வாக்குறுதியே அதன் மதிப்பு. அவ்வாக்குறுதி உண்மையானதா, போலியானதா என்பதை வாங்குபவர் எவ்வாறு அறிவது? இவ்வினாவிற்கு விடை கூறும் பொறுப்பு யாருடையது? இங்கிலாந்தில் 1797 முதல் 1821 வரை நிகழ்ந்தவற்றைக் கொண்டு இதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏழையின் கைக்கு வந்த தாள்

இங்கிலாந்து வங்கி 1694இல் நிறுவப்பட்டது. அது வெளியிட்ட பணத்தாளைக் கொடுப்பவர்க்கு அதற்கீடான பொன் வழங்கப்பட்டது. 1797 பிப்ரவரியில், பிரான்சு நாட்டுடன் போர் நடந்த வேளையில், பிரெஞ்சுப் படையொன்று வேல்சு நாட்டுக் கடற்கரையில் வந்திறங்கியது. அச்சமுற்ற மக்கள் தாளைக் கொடுத்துப் பொன் பெற விரைந்தனர். பொன்னிருப்புக் குறையவே, தாளுக்குப் பொன் வழங்குவதை நிறுத்துமாறு அரசு ஆணையிட்டது.

அதுவரை வங்கி வெளியிட்ட தாள்களுள் மிகச் சிறியது 5 பவுன் தாள். அது ஒரு கூலித் தொழிலாளியின் பல வார வருவாய்க்குச் சமம். ஆகவே பணத்தாள் வணிகரும் செல்வரும் மட்டுமே கையாளும் பொருளாக இருந்தது. பொற்காசு மறைந்ததும் 1 பவுன், 2 பவுன் தாள்களை வங்கி வெளியிட்டது. எழுத்தறியாத உழைப்பாளியும் சிறு கடைக்காரரும் அப்பொழுதுதான் பணத்தாளைப் பெருமளவில் கையாளத் தொடங்கினர்.

எளிய வடிவமும் கொடிய சட்டமும்

அத்தாளின் வடிவம் மிக எளியது. வெள்ளைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் கருமையில் சில வரிகள், ஒரு சிறு முத்திரைப் படம், எண், நாள், காசாளரின் கையொப்பம் ஆகியவையே அதில் இருந்தன. செப்புத் தகட்டில் எழுத்து வெட்டத் தெரிந்தவர் எவரும் அதனைப் போலச் செய்ய இயன்றது. தாளின் நீர்க்குறியை 1801இல் அலைவரிகளாக மாற்றி அமைத்தும் கள்ளத்தாள் குறைந்தபாடில்லை.

வங்கி வடிவத்தை நம்புவதைக் காட்டிலும் தண்டனையையே மிகுதியாக நம்பியது. கள்ளத்தாள் அடிப்பதற்கும், கள்ளத்தாள் என்று தெரிந்தே அதனைச் செலுத்துவதற்கும் மரண தண்டனை உண்டு. 1801ஆம் ஆண்டுச் சட்டப்படி, தெரிந்து வைத்திருந்தாலே 14 ஆண்டுகள் நாடு கடத்தல். தூக்குக்கு அஞ்சிய பலர் இக்குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். இக்காலப் பகுதியில் கள்ளத்தாள் குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்டோர் 300க்கும் மேற்பட்டவர் ஆவர். தகடு வெட்டியவர் மறைவிடத்தில் இருந்தார். ஒன்றிரண்டு தாள்களைக் கடைத்தெருவில் மாற்ற முயன்ற வறியோரே பெரும்பாலும் அகப்பட்டனர். அவருள் பெண்களும் பலர்.

ஈண்டு ஒன்று சிந்திக்கத்தக்கது. தாள் போலியே என்று வங்கியின் ஆய்வாளர் நீதிமன்றத்தில் உறுதிபடக் கூறுவார். எந்த அடையாளத்தால் அறிந்தார் என்பதை விளக்க வங்கி விரும்பவில்லை. விளக்கினால் கள்ளர் திருத்திக் கொள்வர் என்பது அதன் வாதம். அவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், வங்கி மட்டுமே அறிந்த அடையாளத்தால் கடைக்காரருக்கு என்ன பயன்? தம்மை ஏமாற்றும் தாளை அவர் கண்டறிய வழியில்லை.

எழுந்த எதிர்ப்பு

1818இல் இலண்டன் நடுவர் குழுவினர் சிலர், ஆய்வாளரின் சொல்லை மட்டும் நம்பி ஓர் உயிரைப் போக்க மறுத்தனர். குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தனர். 1819 சனவரியில் ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் என்னும் ஓவியர் வரைந்த கேலிப் பணத்தாள் ஒன்றை வில்லியம் ஹோன் வெளியிட்டார். அதில் தூக்கில் தொங்கும் மனிதர்கள் வரிசையாகக் காட்சி தந்தனர். பவுன் குறி தூக்குக் கயிறாக வளைந்திருந்தது. நாட்டின் உருவகமான பிரிட்டானியா தன் குழந்தைகளையே விழுங்கிக் கொண்டிருந்தாள். காசாளர் ஒப்பமிடும் இடத்தில் இருந்தது தூக்கிலிடுவோன் பெயர். பெண்கள் தூக்கில் தொங்கியதைக் கண்ணுற்றதே இப்படத்தை வரையத் தூண்டியது என்று ஓவியரே பின்னாளில் கூறினார்.

ஒரு படம் தனியே சட்டத்தை மாற்றியது என்பது மிகையாகும். எனினும் மக்களின் மனச்சான்றை அது தொட்டது என்பதில் ஐயமில்லை. அதே ஆண்டில் இலண்டன் கலைக் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தேர்ந்த கலைஞர் பலரின் கைத்திறன் ஒன்றுசேர்ந்த நுண்ணிய படங்களைத் தாளில் பொறிக்க வேண்டும் என்று அது வற்புறுத்தியது. 1821இல் பொன் வழங்குதல் மீண்டும் தொடங்கியது. சிறு தாள்களும் மறையலாயின. பணத்தாள் குற்றத்திற்கான மரண தண்டனை 1832இல் நீக்கப்பட்டது.

பழைய வெள்ளைத் தாளின் எளிய வடிவம் மட்டும் நெடுங்காலம் நீடித்தது. இரண்டாம் உலகப் போரின்போது செருமானிய நாசி அரசு, சாக்சன்ஹவுசன் சிறைமுகாமில் யூதக் கைதிகளைக் கொண்டு அத்தாளைப் பெருவாரியாகப் போலி செய்தது. 1943இல் 10 பவுனும் அதற்கு மேற்பட்ட தாள்களும் வெளியிடுவதை வங்கி நிறுத்த நேர்ந்தது. வெள்ளை நிற 5 பவுன் தாளுக்குப் பதிலாக வண்ணத் தாள் வந்தது 1957இல்தான்.

இன்றைய தாள் உணர்த்துவது

நல்ல வடிவம் என்பது வல்லுநர் கண்டு வியப்பதற்கன்று. பாமரர் கண்டு தெளிவதற்கே. மனித முகத்தில் நேரும் சிறு மாற்றத்தையும் கண் விரைந்து உணரும். பணத்தாள்களில் முகம் இடம்பெறுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. நம் 500 ரூபாய் நோட்டில் காந்தியடிகள் உருவம் விரலுக்கு மேடாகத் தட்டுப்படும். நோட்டைச் சாய்த்தால் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாறும். ஓரங்களில் மேடாக உள்ள ஐந்து கோடுகள் பார்வையற்றோர்க்கு மதிப்பைத் தெரிவிக்கும். 100 ரூபாய் நோட்டில் அவை நான்கு. பின்புறத்தில் தமிழ் உள்ளிட்ட 15 மொழிகளில் மதிப்பு எழுதப்பட்டுள்ளது. இவை வெறும் அழகுக்காக அமைந்தவை அல்ல. எளியோர்க்கு அரசு தரும் காப்பு ஆகும்.

சட்டமும் இன்று பண்பட்டுள்ளது. 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதா, கள்ள நோட்டு சட்டப்படியான வழியில் தம்மிடம் வந்ததென மெய்ப்பிப்பவர்க்கு, அதனை வைத்திருந்தது குற்றமாகாது என்கிறது. ஆயினும் வங்கியில் கொடுக்கப்படும் கள்ள நோட்டு முத்திரையிட்டுக் கைப்பற்றப்படும். ஒப்புகைச் சீட்டு கிடைக்குமேயன்றி ஈட்டுத்தொகை கிடையாது. ஒரு நாள் விற்பனையில் 500 ரூபாயை இழக்கும் பூக்காரியின் துயர் இன்றும் தீரவில்லை.

முடிவுரை

இழப்பைத் தாங்காதவர் அந்நோட்டைப் பிறர் தலையில் கட்ட நினைப்பது இயல்பு. அங்கேதான் நாணயம் என்னும் சொல்லின் இரு பொருளும் ஒன்றையொன்று சோதிக்கின்றன. தெரிந்தே செலுத்துவது குற்றம். அதைவிட, தம்மினும் எளியவர் ஒருவரை வஞ்சிக்கும் செயல். மாணவர்கள் நோட்டின் அடையாளங்களைத் தாம் கற்பதோடு அமையாது, வீட்டிலுள்ள முதியோர்க்கும் தெருவோர வணிகர்க்கும் கற்பிக்க வேண்டும். பண்டு ஊருக்குச் சிலரே வண்ணக்கராக இருந்தனர். தாள் புழங்கும் இக்காலத்தில் ஒவ்வொருவரும் வண்ணக்கராதல் வேண்டும்.