மஞ்சள் தாளும் சுண்ணாம்பு வாளியும்



ரமலான் நெருங்கினால் நம் வீடுகளில் இரண்டு வேலைகள் தொடங்கிவிடும். ஒன்று சுவருக்கு வெள்ளையடிப்பது; மற்றது அடுப்படியையும் குளியலறையையும் தேய்த்துக் கழுவுவது. வெள்ளையடிக்க நகையை அடகு வைக்கத் தேவையில்லை. ஒரு மூட்டைச் சுண்ணாம்பும் வீட்டாரின் உழைப்பும் இருந்தால் போதும். ஆனால் இந்த இரண்டு வேலைகளிலும் கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆபத்து உண்டு. அதைப் புரிந்துகொள்ள, முதலில் அடுப்படியில் ஒரு சிறிய சோதனை செய்து பார்ப்போம். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை: மஞ்சள் தாள்

ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளைச் சிறிது தண்ணீரில் குழைத்து, மை ஒற்றும் தாளில் தடவுங்கள். நிழலில் காய்ந்ததும் விரல் அகலத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். இனி ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு பொருளை ஒரு சொட்டு விடுங்கள்.

சவர்க்காரத் தண்ணீர் பட்ட இடம் சிவக்கும். பிரியாணிக் கறை படிந்த வெள்ளைச் சட்டையைத் துவைக்கும்போது கறை சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். வெற்றிலைச் சுண்ணாம்பின் தெளிந்த நீர் பட்டால் நன்றாகச் சிவக்கும். (சுண்ணாம்பு நீரைப் பெரியவர்கள் மட்டும் கையாளுங்கள்.) எலுமிச்சைச் சாறு, புளித் தண்ணீர், வினிகர் பட்டால் தாள் மஞ்சளாகவே இருக்கும்.

சிவக்கச் செய்பவை காரங்கள். மஞ்சளாகவே விடுபவை எல்லாம் அமிலம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. குடிதண்ணீர் பட்டாலும் தாள் மஞ்சளாகத்தான் இருக்கும். அமிலத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு படி உண்டு. சவர்க்காரத்தில் சிவந்த தாளின் மேல் எலுமிச்சைச் சாறு விடுங்கள். சிவப்பு மறைந்து மீண்டும் மஞ்சளாகும். காரத்தை அமிலம் முறித்துவிட்டது என்று பொருள்.

இந்தப் பாடம் சமையலுக்கும் உதவும். அமிலம் உலோகத்தை அரிக்கும். ஆகவே எலுமிச்சை ஊறுகாயையும் புளிக் குழம்பையும் அலுமினியப் பாத்திரத்திலோ ஈயம் பூசாத பித்தளையிலோ வைத்திருக்க வேண்டாம். கண்ணாடி, பீங்கான் ஜாடியே நல்லது. மொசைக் தரையில் வினிகரோ ஆசிட்டோ ஊற்றித் தேய்த்தால் பளபளப்பு போய்விடும். அதிலுள்ள பளிங்குச் சில்லுகளையும் சிமெண்டையும் அமிலம் கரைத்துவிடுவதே காரணம்.

சுவருக்குச் சுண்ணாம்பு

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதில் தண்ணீர் சேர்ந்தால் கொதித்து நீறாகிறது. அந்த நீற்றைச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லின் தன்மைக்கே திரும்புகிறது. பூசிய அன்று மங்கலாகத் தெரியும் சுவர் காயக் காய வெளுப்பது இதனால்தான். சுண்ணாம்பு கடுமையான காரம் என்பதால் சுவரில் பூஞ்சையும் எளிதில் பிடிக்காது.

செய்முறை இதுதான். 1 கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. இரும்பு டிரம்மிலோ சிமெண்ட் தொட்டியிலோ முதலில் தண்ணீரை ஊற்றி, பிறகு சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். மெல்லிய பிளாஸ்டிக் வாளி சூட்டில் இளகிவிடும். அலுமினியப் பாத்திரத்தைக் காரமும் அரிக்கும் என்பதால் அதுவும் ஆகாது.

24 மணி நேரம் ஊறிய பின் துணியில் வடிகட்டுங்கள். பிடிமானத்துக்கு வேலம் பிசினை வெந்நீரில் கரைத்து, லிட்டருக்கு 4 கிராம் என்ற அளவில் சேர்க்கலாம். வெண்மை எடுப்பாகத் தெரியச் சிறிது நீலம் போதும். ஓரக்கட்டுக்கு நிறம் வேண்டுமானால் காவிக்கல் தூள் கலந்து பூசுங்கள். சுண்ணாம்பின் காரத்தில் அது வெளுக்காது.

சுவரின் பழைய உதிர்வைச் சுரண்டி, தூசி தட்டி, தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். காய்ந்த சுவரில் அடித்தால் சுண்ணாம்பு பொடியாக உதிரும். கெட்டியாக ஒரே பூச்சாக அடிக்காமல், மெல்லியதாக மூன்று பூச்சு அடியுங்கள். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. ஏற்கெனவே எமல்ஷன் பெயிண்ட் அடித்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது. வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணையும் மூச்சையும் காப்போம்

கண்ணில் பட்ட சுண்ணாம்பு மேலோடு நிற்காது, உள்ளே ஊடுருவிச் செல்லும். பார்வையே போய்விடக்கூடும். வெற்றிலைக்கு வாங்கும் சிறு சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிள்ளைகள் விளையாட்டாக அழுத்தும்போது கண்ணில் பீறிட்டு அடிப்பதும் உண்டு. உம்மம்மாவின் வெற்றிலைப் பெட்டி கைக்கெட்டாத இடத்தில் இருக்கட்டும். வெள்ளையடிப்பவர் கண்ணாடியும் கையுறையும் அணிய வேண்டும். தலைக்கு மேலே மட்டை ஓட்டும்போது இது கட்டாயம்.

சுண்ணாம்பு கண்ணில் பட்டுவிட்டால், அந்த நொடியே இமையை விரித்துப் பிடித்துச் சுத்தமான தண்ணீரை அரை மணி நேரம் ஊற்றிக்கொண்டே இருங்கள். இமைக்குள் ஒட்டியிருக்கும் துகளும் கழுவப்பட வேண்டும். அதன் பிறகு தாமதிக்காமல் கண் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வலி குறைந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். தாய்ப்பால், எண்ணெய் எதுவும் விட வேண்டாம். மஞ்சள் தாளில் காரத்தை எலுமிச்சை முறித்ததே என்று யாரும் கண்ணில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்துவிடக் கூடாது. தாளுக்குச் சரி; கண்ணுக்கு அது இரண்டாவது காயம்.

அடுத்தது குளியலறை. பிளீச்சிங் பவுடரைத் தூவிய இடத்தில் ஆசிட்டை ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். கதவடைத்த சிறு குளியலறையில் அது நுரையீரலைக் கடுமையாகப் பாதிக்கும். இரண்டும் சுத்தம் செய்பவைதானே, சேர்த்தால் இரட்டிப்புச் சுத்தம் என்று நினைப்பது தவறு. ஒரு நாளில் ஒன்றை மட்டும் பயன்படுத்தி, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். நெடி ஏறி இருமல் வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளிக்காற்றுக்கு வாருங்கள். மூச்சு முட்டினால் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கமும் வேண்டாம். தாகத்தில் எடுக்கும் கை லேபிளைப் பார்ப்பதில்லை.

இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக்குக் கரைத்த சுண்ணாம்பு மீதமானால் கொட்டி வீணாக்க வேண்டாம். நம் தெருக்களில் தனியாக வாழும் முதியவர்களும் கணவரை இழந்த சகோதரிகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் அனுமதி கேட்டு, நான்கு பேர் சேர்ந்து ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வேலையை ஆரம்பித்தால், சனிக்கிழமை மாலைக்குள் ஓர் அறை வெளுத்துவிடும். கண்ணாடியும் கையுறையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், தலைப்பிறை தெரியும் இரவில் அந்த வீடும் வெளிச்சமாக இருக்கும்.